மடியும் மருந்தும்

அறுவை மருத்துவத்தின் முன் குழந்தையின் அச்சம் தணிந்த வரலாறு



ஆண்டு மலரில் ஒரு கட்டுரை எழுதுக என்று நம் செயலாளர் அவர்கள் பணித்தபொழுது, எதனை எழுதுவது என்று சில நாள் திகைத்தேன். யான் மருத்துவன் அல்லேன். வரலாற்றுப் பேராசிரியனும் அல்லேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எந்தையார் பணிபுரிந்த புகைவண்டித் துறையிலேயே எழுத்தனாக அமர்ந்தவன். எனினும், சென்ற ஆண்டு என் இளைய மகளுக்கு நேர்ந்த ஒரு சிறு அறுவை சிகிச்சை என் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பியது. கத்தியின் முன் கிடத்தப்படும் குழந்தை அஞ்சுகிறதே, அவ்வச்சத்தை மருத்துவ உலகம் எப்பொழுது கண்டுகொண்டது? அதற்கு என்ன செய்தது? விடுமுறை நாட்களில் நூலகத்தில் தேடியும், அறிந்தோரைக் கேட்டும் யான் தெரிந்துகொண்டவற்றை ஈண்டு உங்கள்முன் வைக்கின்றேன். குற்றம் இருப்பின் பொறுத்தருள்க.

தாய்மாமன் மடி

இவ்வரலாற்றைத் தொடங்க நாம் மேனாடுகளுக்குச் செல்லவேண்டியதில்லை. நம் காலனியில் ஆண்டுதோறும் நடைபெறும் காதணி விழாவை நினைத்துப் பாருங்கள். குழந்தையைத் தாய்மாமன் தன் மடியில் அமர்த்திக்கொள்கிறான். ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். ஒருவர் வாயில் வெல்லமோ வாழைப்பழமோ வைக்கிறார். குழந்தையின் கண் அப்பக்கம் திரும்பிய நொடியில் பொற்கொல்லர் தம் வேலையை முடித்துவிடுகிறார். அழுகை எழுகிறது, ஆனால் அது மாமன் தோளிலேயே அடங்கியும் விடுகிறது.

இஃது ஏதோ வேடிக்கைச் சடங்கு என்று எண்ணியிருந்தேன். வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையில் காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் உள்ளது என்று அறிந்தபோது வியந்தேன். ஆறாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ, குழந்தையைச் செவிலியின் மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள்களால் அதன் மனத்தைக் கவர்ந்து, ஆறுதல் கூறி, அதன்பின் மருத்துவன் காதினை இடக்கையால் பற்றி, கதிரவன் ஒளி ஊடுருவித் தோன்றும் இடத்தில் துளையிடவேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. துளையிடும் முறைக்கு முன்னரே மடியும் விளையாட்டுப் பொருளும் ஆறுதல் மொழியும் வைக்கப்பட்டுள்ளன. பெரியவர்களுக்கு அறுவை செய்யுமுன், வலி தெரியாதிருக்க, குடிப்பழக்கம் உடையார்க்குக் கடுமையான மதுவைக் கொடுக்குமாறு அதே நூல் கூறுகிறது. பெரியவனுக்கு மது, குழந்தைக்கு மடி! அக்கால மருத்துவம் அறிந்த மயக்க மருந்துகள் இவை.

இங்கு ஓர் இருண்ட பக்கத்தையும் சொல்லவேண்டும். குழந்தையை உறங்கவைக்க அபினி புகட்டும் கொடிய வழக்கமும் உலகெங்கும் இருந்தது. இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் 'காட்பிரே மருந்து' என்னும் அபினிப் பாகினைத் தம் மக்களுக்குக் கொடுத்தனர். பம்பாய் நூற்பாலைகளில் உழைத்த தாய்மார், வேலைநேரம் முழுதும் குழந்தை அழாதிருக்க, 'பால கோலி' என்னும் அபினி உருண்டையைக் கொடுத்தனர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த ஏழைகள் அவர்கள். அவர்களைப் பழிக்க எனக்கு நாவெழவில்லை. அவ்வுறக்கத்தினின்று விழிக்காத குழந்தைகள் எத்தனையோ! அளவறியாது கொடுக்கும் மயக்கம் நஞ்சேயாகும்.

1846: வலி வெல்லப்பட்டது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறுவை மருத்துவம் என்றால், நோயாளியை நாலைந்து பேர் அழுத்திப் பிடித்துக்கொள்வது என்றே பொருள். குழந்தையாயின் பிடிப்பது எளிது, அவ்வளவே வேறுபாடு.

அமெரிக்க நாட்டில் ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் கிராபோர்டு லாங் என்னும் மருத்துவர் 1842-ஆம் ஆண்டிலேயே ஈதர் ஆவியை முகரச் செய்து அறுவை செய்தார். அவ்வாறு அவர் மருத்துவம் செய்தவர்களுள் ஓர் அடிமைச் சிறுவனும் ஒருவன். அவன் கால்விரல் அகற்றப்பட்டது. ஆயினும் லாங் அச்செய்தியைப் பல்லாண்டுகள் வெளியிடவில்லை. 1846 அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் பலர் அறிய ஈதரைக் கொடுத்துக் காட்டியபின்னரே உலகம் விழித்தது. கப்பலும் குதிரையும் செய்தி சுமந்த அக்காலத்தில், ஐந்தே திங்களில், 1847 மார்ச்சு 22-ஆம் நாள், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஈதர் பயன்படுத்தப்பட்டது எனின், மனிதகுலம் அதற்காக எவ்வளவு ஏங்கியிருந்தது என்பது விளங்கும்.

மொழி அறியாச் சிறுவன்

அதே 1847-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், எடின்பரோ நகரில் சிம்சன் என்னும் பேராசிரியர் குளோரோபாரத்தின் ஆற்றலைத் தம்மீதும் தம் நண்பர்மீதும் சோதித்துக் கண்டார். சில நாட்களில் அந்நகரத்துப் பெரிய மருத்துவமனையில் அஃது அறுவை சிகிச்சைக்கு வந்தது. அங்கு அதனை முதன்முதல் முகர்ந்த நோயாளி யார் தெரியுமா? நான்கைந்து வயதுச் சிறுவன் ஒருவன். முன்கை எலும்பு அழுகியிருந்தது.

அன்பர்களே, அச்சிறுவனைப் பற்றிய குறிப்பில் ஒரு செய்தி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. அவனுக்கு ஸ்காத்லாந்தின் பழைய மொழியாகிய கேலிக் தவிர வேறொன்றும் தெரியாது. அவனைச் சூழ்ந்திருந்த மருத்துவர்களோ ஆங்கிலம் பேசுவோர். என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்கு விளக்க வழியில்லை. மருந்து தெளித்த கைக்குட்டை முகத்தருகே வந்தவுடன் அவன் மருண்டு, விடுவித்துக்கொள்ளப் போராடினான். சிம்சன் அவனை மெல்லப் பற்றிக்கொண்டு முகரச் செய்தார். சில மூச்சுக்களில் அழுகை அடங்கியது, குறட்டையுடன் உறங்கினான். எலும்பு அகற்றப்பட்டது. பின்னர் விழித்தபொழுது தெளிந்த முகத்தோடு இருந்தான்.

வலியின்மைக்கு இது பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும், கைக்குட்டை அணுகியதற்கும் உறக்கம் வந்ததற்கும் இடைப்பட்ட சில நொடிகளை எண்ணிப் பாருங்கள். தன் மொழி அறிந்தார் ஒருவருமில்லாத அறையில், அந்நியர் கைகளுக்கிடையே, மூச்சை அடைக்கும் புது நெடி! அந்தச் சில நொடிகளை மருத்துவ உலகம் நெடுங்காலம் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. வலியை வெல்ல ஒரு நாள் போதுமாயிருந்தது; அச்சத்தைக் கண்டுகொள்ளவே ஒரு நூற்றாண்டு பிடித்தது.

ஐதராபாத்து ஆராய்ச்சி

1848 சனவரி 28-ஆம் நாள், இங்கிலாந்தில் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுப் பெண், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் கொடுத்த குளோரோபாரத்தால் சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். அம்மருந்தினால் இறந்தவர் என்று பதிவு பெற்ற முதல் மனித உயிர் அவளே. மருத்துவம் தொடங்கும் முன்னரே அவள் அஞ்சி அழுதுகொண்டிருந்தாள் என்பது குறிப்பிடத்தக்கது.

குளோரோபாரம் முதலில் நிறுத்துவது மூச்சையா, இதயத்தையா என்ற பெரும் வழக்கு இதனால் மூண்டது. அவ்வழக்கை ஆராய்ந்த இடங்களுள் தலைசிறந்தது நம் தக்காணத்து ஐதராபாத்து என்பது நமக்குப் பெருமை தருவது. அங்கு மருத்துவப் பள்ளியின் தலைவராயிருந்த எட்வர்டு லாரி என்பவர் 1888-ஆம் ஆண்டு முதற் குழுவைக் கூட்டினார். அதன் முடிவை இங்கிலாந்தின் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏடு ஏற்கத் தயங்கவே, நிஜாம் மன்னர் மகபூப் அலி கான் ஆயிரம் பவுன் நல்கி இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்னும் அறிஞரை வரவழைத்தார். 1889-இல் இரண்டாம் குழு நானூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகளில் சோதனை நடத்தியது. உலகின் முதற் பெண் மயக்க மருந்து வல்லுநர் என்று பலரும் போற்றும் ரூபாபாய் பர்தூன்ஜி என்னும் பார்சி மாதரசியார் அப்பள்ளியில் பயின்றவரே.

மூச்சே முதலில் நிற்கும். ஆகவே நாடியைப் பாராமல் மூச்சைக் காத்தால் போதும் என்று குழு முடிவு கூறியது. குழந்தைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. திமிறி, மூச்சை அடக்கி அழும் குழந்தை, பின்னர் ஆழ இழுக்கும் ஒரு மூச்சிலேயே அளவுக்கு மீறிய மருந்தை உட்கொண்டுவிடும். ஆகவே அந்த முதற் பெருமூச்சின்போது மருந்தை விலக்கித் தூய காற்றை விடுக என்றது. குழந்தையின் போராட்டமே அதற்கு ஆபத்து என்று உணர்ந்தோர் அவர்கள்.

எனினும் அவர்கள் காணாதது ஒன்றிருந்தது. 1911-இல் குட்மன் லெவி என்னும் ஆங்கில மருத்துவர் பூனைகளில் சோதித்து அதனை வெளிப்படுத்தினார். குளோரோபாரம் குறைவாக ஏறிய நிலையில், அட்ரினலின் என்னும் சுரப்புநீர் குருதியில் மிகுமாயின், இதயம் ஒழுங்கிழந்து துடித்துத் திடீரென நின்றுவிடும் என்பதே அது. அட்ரினலின் எப்பொழுது மிகும்? உயிர் அஞ்சும்பொழுது! ஹன்னாவின் சாவுக்கு எது காரணம் என்பதில் அறிஞர்க்குள் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆனால் அச்சம் என்பது மனத்தளவில் நின்றுவிடாது, உடலுக்குள் புகுந்து மருந்தோடு சேர்ந்து கொல்லவும் வல்லது என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

உள்ளத்தில் விழுந்த தழும்பு

உயிர் பிழைத்த குழந்தைகளின் நிலை என்ன? 1945-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் டேவிட் லெவி (முன்னவரின் பெயரே இவருக்கும் அமைந்தது வியப்பு) அறுவைக்குப் பின் குழந்தைகளிடம் தோன்றும் இரவு அலறல், இருட்டைக் கண்டு நடுங்கல், தாயை விட்டுப் பிரியாமை ஆகியவற்றைத் தொகுத்து எழுதினார். போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்களின் மனக்கலக்கத்தோடு அவற்றை ஒப்பிட்டார். மிக இளங்குழந்தைகளே மிகுதியும் துன்புற்றனர் என்றும் கண்டார்.

1952-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் தாயின்றி விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி நாளுக்கு நாள் ஒடுங்கிப்போவதைத் திரைப்படமாக எடுத்துக் காட்டினார். பெற்றோரைச் சில மணி நேரமே உள்ளே விடும் வழக்கம் அந்நாட்டு மருத்துவமனைகளில் அப்போது இருந்தது. பலர் சினந்தனர், சிலர் சிந்தித்தனர். 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த குழு, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கவேண்டும், இளங்குழந்தையோடு தாயும் தங்க இடமளிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. சுசுருதரின் மடி மீண்டும் மருத்துவமனைக்குள் நுழைந்தது என்று கூறின் மிகையாகாது.

மருந்துகளும் மென்மையுற்றன. 1956-இல் வந்த ஹாலோத்தேன், 1990-இல் சப்பானில் புழக்கத்துக்கு வந்த செவோபுளூரேன் ஆகியவை மூச்சைக் கரிக்கும் நெடி இல்லாதவை. 1970களில் கண்டுபிடிக்கப்பட்ட மிடசோலம் என்னும் மருந்தை இனிப்புக் கலந்து வாய்வழியே கொடுத்தால், இருபது முப்பது நிமிடங்களில் குழந்தையின் கலக்கம் நீங்குகிறது. நடந்தது பெரும்பாலும் நினைவிலும் தங்குவதில்லை. மூக்கில் சொட்டாக விடும் மருந்துகளும் இன்று உள்ளன. பச்சிளங்குழந்தையின் நாவில் வைக்கும் சர்க்கரைநீர் ஊசியின் போது எழும் அழுகையைக் குறைக்கிறது என்று 1991-இல் ஆய்வாளர் எழுதினர். நம் பாட்டிமார் புன்னகைத்திருப்பர்!

அவ்வாறாயின் மடி உயர்ந்ததா, மருந்து உயர்ந்ததா? அமெரிக்காவில் சீவ் கெயின் என்னும் மருத்துவர் குழுவினர் இதனையே ஆராய்ந்தனர். 1998-இல் அவர்கள் கண்டது, பெற்றோர் வெறுமனே உடன் நிற்பதைக் காட்டிலும் மிடசோலமே குழந்தையை அமைதிப்படுத்தியது என்பது. நடுங்கும் தாயும் கலங்கும் தந்தையும் குழந்தைக்கு எங்ஙனம் துணையாவர்? 2007-இல் அவர்களே வேறொரு முறையைக் கையாண்டனர். சில நாட்களுக்கு முன்பே நடக்கப்போவதைப் பெற்றோருக்கும் குழந்தைக்கும் விளக்கி, முகமூடியைக் கையில் கொடுத்துப் பழக்கி, கவனத்தை வேறு பக்கம் திருப்பும் வகையைப் பெற்றோருக்குக் கற்பித்தனர். அவ்வாறு ஆயத்தமான குழந்தைகள், மயக்கம் கொடுக்கும்போது, மருந்துண்ட குழந்தைகளைப் போன்றே அமைதியாயிருந்தனர். விழித்தபின் வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அறிந்த மடி மருந்துக்கு நிகர். அறியாத மடி நிகராகாது. இதுவே இந்நெடிய வரலாறு எனக்குக் கற்பித்த பாடம்.

எந்தையார் சொன்ன பொய்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய என் சொந்தச் செய்தியைச் சொல்லி முடிக்கின்றேன்.

எனக்கு ஆறு வயதாயிருந்தபோது, டான்சில் என்னும் தொண்டைச் சதையை அகற்றவேண்டி வந்தது. "பொம்மை வாங்கி வரலாம், வா" என்று எந்தையார் என் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். சென்ற இடம் மருத்துவமனை. யாரோ என்னைத் தூக்கிச் சென்றனர், கதவு மூடியது, கைகால்களைப் பிடித்தனர், முகத்தின் மேல் ஒரு நெடி கவிந்தது. சிகிச்சை நன்றாகவே முடிந்தது. பொம்மையையும் அவர் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அதன்பின் பல மாதங்கள் அவர் கடைக்கு அழைத்தபோதெல்லாம் யான் தூணைக் கட்டிக்கொண்டு அழுதேனாம். அன்பினால் சொன்ன பொய் அது. அவருக்கு வேறு வழி சொல்லிக் கொடுத்தார் ஒருவருமில்லை.

சென்ற ஆண்டு என் நான்கு வயது மகளுக்குக் குடலிறக்கத்திற்காக அறுவை செய்ய நாள் குறித்தனர். யானும் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊருக்குப் போய்ப் பாட்டியைப் பார்க்கலாம், அம்மா" என்றேன்! முதல்நாள் மயக்க மருந்து மருத்துவர் குழந்தையைச் சோதித்தபின், அவளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கன்னடத்தில் வினவினார். யான் விடை கூற நாணித் தலைகுனிந்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நான் கன்னடத்தில் சொன்னால் அவளுக்கு விளங்காது, உங்கள் மொழியில் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள்" என்றார். எடின்பரோச் சிறுவனைப் பற்றி யான் அன்று அறியேன். பின்னர் படித்தபோது அச்சொற்களே என் செவியில் ஒலித்தன.

அன்றிரவு அவளை மடியில் இருத்திச் சொன்னேன். வயிற்றில் ஒரு சிறு ஓட்டை இருக்கிறது, அதைத் தைப்பார்கள், நீ உறங்குவாய், விழிக்கும்போது கொஞ்சம் வலிக்கும், அதற்கு மருந்து உண்டு, அம்மாவும் நானும் அருகிலேயே இருப்போம் என்றேன். கத்தியைப் பற்றி அவள் கேட்பாள் என்று அஞ்சியிருந்தேன். அவள் சிறிதுநேரம் எண்ணிவிட்டு, "அப்பா, என் பாவாடையை அவர்களே வைத்துக்கொள்வார்களா?" என்று மட்டும் கேட்டாள். பாவாடை பத்திரமாக அம்மாவிடம் இருக்கும் என்று உறுதி கூறினேன். மறுநாள் இனிப்பு மருந்தைக் குடித்து, சற்று நேரத்தில் சிரித்த முகத்தோடு செவிலியின் தோளில் சாய்ந்து உள்ளே சென்றாள். குழந்தையின் அச்சம் எங்கே இருக்கிறது என்பது நாம் கேட்டால்தான் தெரியும். நாம் உண்மை பேசினால்தான் அது கேட்கும்.

நம் கடமை

பெங்களூர் பல மொழிகள் கலந்து வாழும் மாநகரம். 1860களில் தண்டுப் பகுதியில் எழுந்த பவுரிங் மருத்துவமனையாயினும், பெண்டிர்க்கும் மகவுகட்கும் என 1935-இல் திறக்கப்பெற்ற வாணிவிலாச மருத்துவமனையாயினும், கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் ஒருங்கே ஒலிக்கும் இடங்கள். கன்னட நாட்டு மருத்துவரும் செவிலியரும் நம் மக்களை அன்போடு காக்கின்றனர். அவர்கட்கு நாம் கடப்பாடு உடையோம். ஆனால் பள்ளி செல்லாச் சிறு குழந்தைக்குத் தாய்மொழி ஒன்றே உலகம். அம்மொழியில் அதனோடு பேசவேண்டியவர் நாமே.

ஆகவே காலனித் தாய்மார்க்கும் தந்தையர்க்கும் சில சொற்கள். பொய் சொல்லி அழைத்துச் செல்லாதீர்கள். நடப்பதை முன்னரே எளிய சொற்களில் சொல்லுங்கள். "அழுதால் டாக்டர் ஊசி போடுவார்" என்று வீட்டில் மிரட்டாதீர்கள். மருத்துவர் குறித்த நேரத்திற்குப்பின் ஒரு வாய் பால்கூட ஒளித்துக் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் புகுமாயின் உயிருக்கே இடர். உறங்கவைக்கும் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பழகிய பொம்மையோ போர்வையோ உடன் எடுத்துச் செல்லலாமா என்று கேளுங்கள். உங்கள் கலக்கத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், குழந்தையிடம் காட்டாதீர்கள்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்பன அவை. முதல் மூன்றையும் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். குழந்தையைப் பொறுத்தவரை நான்காம் கூறு நாமே. பால் நினைந்தூட்டும் தாயும், தோளில் சுமக்கும் தந்தையும், மடி தரும் மாமனும் அவ்விடத்தில் உண்மையோடு நிற்பார்களாயின், எந்தக் குழந்தையும் இனித் தூணைக் கட்டிக்கொண்டு அழவேண்டியதில்லை.

வாழ்க நம் மக்கட்செல்வங்கள்! வளர்க நம் சங்கம்!